ஏற்றத்தில் மிஸ் அடிக்கும் வண்டி

(கடையநல்லூரில் லாரி உரிமையாளர்கள், ஓட்டுநர்கள், தொழிற்பயிற்சி மாணவர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

என்னைப் பேசக் கூப்பிட்ட அண்ணாச்சி ஒரு நிபந்தனை போட்டார். "கம்ப்யூட்டர் வண்டியப் பத்தி வேண்டாம், அதுக்குக் கம்பெனிக்காரன் இருக்கான். நம்ம ஊர்ல ஓடுத பழைய வண்டியப் பத்திப் பேசுங்க. அதுலயும் அந்த மிஸ்ஸிங் இருக்குல்லா, அத மட்டும் பேசினாலே போதும்" என்றார்.

எனக்கும் அதுதான் வசதி. திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் நெடுஞ்சாலை, பழைய எண் 208, இப்போது 744, இந்த ஊர் வழியாகத்தான் செங்கோட்டைக்குப் போகிறது. காய்கறி, எலுமிச்சை, வைக்கோல், சிமெண்ட், ஜல்லி என்று ராத்திரி முழுக்க வண்டி மேற்கே போய்க்கொண்டே இருக்கும். போகிற எல்லா வண்டியும் புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறியாக வேண்டும். புளியங்குடியிலிருந்து இங்கே வரும் சமதரையில் வாயைத் திறக்காத கோளாறு, அந்த வளைவில் இரண்டாவது கியர் போட்டதும் வெளியே வந்துவிடும். ஆகையால் மிஸ்ஸிங் என்பது இந்தப் பக்கத்து ஓட்டுநர்களுக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை. எஸ் வளைவின் பாதியில், பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்க, வியர்த்து நின்றவர்கள் இங்கே எத்தனையோ பேர் இருப்பீர்கள்.

என் பேச்சின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் எழுந்து லோடு ஏற்றப் போகிறவர்களுக்கும் உதவும். ஒரு வண்டியில் மிஸ்ஸிங் மாதக்கணக்காகப் போகாமல் நின்றால், பெரும்பாலும் அந்த வண்டியில் யாரும் தேடவே இல்லை என்று பொருள். சாமான் மாற்றியிருப்பார்கள், அவ்வளவுதான்.

மிஸ் என்றால் என்ன நடக்கிறது என்று ஐடிஐ பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஒரு சிலிண்டர் வெடிக்க வேண்டிய நேரத்தில் வெடிக்காமல் தவறுவதுதான் மிஸ். டாடாவின் பழைய ஆறு சிலிண்டர் இன்ஜினை 697 என்கிறோம். முதல் எண் சிலிண்டரின் எண்ணிக்கை. பின்னால் வரும் 97, சிலிண்டரின் உள்விட்டம், மில்லிமீட்டரில். நாலு சிலிண்டர் என்றால் அதே இன்ஜின் 497. இந்த இன்ஜின்களின் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. 1954ல் டாடாவின் டெல்கோவும் டைம்லர்-பென்ஸும் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி கட்டத் தொடங்கின. அந்தக் கூட்டு 1969ல் முடிந்தது. இந்தப் பக்கம் சென்னையில், 1948ல் தொடங்கி ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்த அசோக் மோட்டார்ஸ், 1955ல் அசோக் லேலண்ட் ஆனது. இரண்டு கம்பெனியின் பழைய ஆறு சிலிண்டர் வண்டிகளுக்கும் சிலிண்டர் வெடிக்கும் வரிசை ஒன்றுதான்: 1, 5, 3, 6, 2, 4. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஆறும் ஒருமுறை வெடிக்கும்.

வண்டி ஐடிலிங்கில் நிமிஷத்துக்கு 600 சுற்று ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிலிண்டர் நிமிஷத்துக்கு 300 முறை, அதாவது விநாடிக்கு 5 முறை வெடிக்கும். ஆறும் சேர்ந்து விநாடிக்கு 30. இதில் ஒரு சிலிண்டர் செத்துப்போனால் விநாடிக்கு 5 முறை ஒரு பள்ளம் விழும். காது பழகியவர்களுக்கு அந்தப் பள்ளம் தாளம் தவறாமல் கேட்கும். இதை மனதில் வையுங்கள். தாளத்தோடு வரும் மிஸ் வேறு, தாளமே இல்லாமல் எப்போதோ வந்து எப்போதோ போகும் மிஸ் வேறு. முதலாவது ஏதோ ஒரு சிலிண்டரின் சொந்தச் சிக்கல். இரண்டாவது ஆறுக்கும் பொதுவான ஓர் இடத்தில், பெரும்பாலும் டீசல் வரும் வழியில் இருக்கும். பேனட்டைத் திறக்கும் முன்பே பாதித் தேடலை முடித்துத் தருகிற கேள்வி, தாளம் உண்டா இல்லையா என்ற இது ஒன்றுதான். இதைக் கேட்காமல் ஸ்பேனரை எடுக்கிற பட்டறைகள்தான் அதிகம்.

இன்னொரு சின்னக் கணக்கு. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தருகிற வண்டி மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் ஒரு மணி நேரத்தில் 10 லிட்டர் குடிக்கும். இன்ஜின் 1,800 சுற்றில் இருந்தால் அந்த ஒரு மணி நேரத்தில் ஆறு சிலிண்டரும் சேர்ந்து 3,24,000 முறை வெடிக்கும். வகுத்துப் பாருங்கள். ஒரு வெடிப்புக்கு நாசில் தெளிக்கும் டீசல் 0.03 மில்லி லிட்டர். ஒரு சொட்டு என்று நாம் சொல்கிற அளவே இதைவிடப் பெரிது. அந்த அளவை, 200 பார் அளவிலான அழுத்தத்தில், சரியான கணத்தில் நாசிலுக்கு அனுப்ப வேண்டியது பம்ப்பின் வேலை. ருடால்ஃப் டீசல் தன் இன்ஜினை ஆக்ஸ்பர்க்கில் 1897லேயே ஓட்டிக் காட்டிவிட்டார். ஆனால் அது லாரிகளில் பரவலாவதற்கு 1927ல் பாஷ் கம்பெனி இந்தப் பம்ப்பை வரிசையாகத் தயாரிக்கத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெங்களூரில் 1951ல் தொடங்கிய மைக்கோ, அதே பாஷின் இந்தியக் கிளை. 2008ல் கம்பெனியின் பேரே பாஷ் என்று மாறிவிட்டது. இருந்தாலும் நம் பட்டறைகளில் இன்றைக்கும் அது மைக்கோ பம்ப்தான்.

இப்படி 0.03 மில்லியைக் கையாளும் பம்ப்புக்குள் ஒரு காற்றுக் குமிழ் போனால் என்ன ஆகும்? டீசலை அமுக்கினால் அழுத்தம் உடனே ஏறும், ஏறியதும் நாசில் திறக்கும். காற்றை அமுக்கினால் அது சுருங்கிக் கொடுத்துவிடும். பம்ப்பின் பிளஞ்சர் மேலே போய்க் கீழே வந்துவிடும், நாசில் திறக்காது. அந்த முறை அந்தச் சிலிண்டரில் வெடிப்பு இல்லை. குமிழ் பம்ப்பில் அடுத்த சிலிண்டருக்கான எலிமெண்டுக்குப் போனால் அந்தச் சிலிண்டர் தவறும். காற்றினால் வரும் மிஸ்ஸுக்குத் தாளம் இல்லாத காரணம் இதுதான்.

சரி, தாளத்தோடு வரும் மிஸ்ஸை எப்படிப் பிடிப்பது? உங்களில் பலருக்குத் தெரிந்த வழிதான். இன்ஜினை ஓட விட்டு, ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் பைப்பின் நட்டை அரைச் சுற்று தளர்த்துவது. தளர்த்தியதும் இன்ஜின் சத்தம் மாறி இன்னும் மோசமானால் அந்தச் சிலிண்டர் அதுவரை வேலை செய்துகொண்டிருந்தது. தளர்த்தியும் சத்தத்தில் மாற்றமே இல்லை என்றால் அதுதான் செத்த சிலிண்டர். காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது இன்னொரு வழியும் உண்டு. ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரத்தில் சைலன்சர் மேனிஃபோல்டின் ஒவ்வொரு வாய் மீதும் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஐந்து வாயில் சுர்ரென்று காயும், ஒன்றில் காயாமல் நிற்கும்.

நட்டைத் தளர்த்தும் இடத்தில் ஒரு எச்சரிக்கை. அந்த இடத்தில் விரலை வைக்காதீர்கள். மேலே துணியைப் போட்டுக் கொண்டு ஸ்பேனரை மட்டும் வையுங்கள், கண்ணாடி போடுங்கள். அழுத்தத்தோடு பீச்சும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் பெரிதாக வலிக்காது. கழுவித் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தால், கடைசியில் விரலையே எடுக்க வேண்டி வரலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் உள்ளே பாய்ந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். புதிய காமன் ரெயில் வண்டியில் இந்தச் சோதனையே கூடாது. அதில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். பழைய வண்டி என்று அண்ணாச்சி நிபந்தனை போட்டது இந்த வகையிலும் நல்லதாகப் போயிற்று.

செத்த சிலிண்டர் நாலாவது என்று தெரிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். இனிமேல்தான் பொறுமை வேண்டும். அந்தச் சிலிண்டர் சாக மூன்று காரணம் இருக்கலாம். நாசில் சரியாகத் தெளிக்கவில்லை. அல்லது பம்ப்பில் அந்த எலிமெண்ட் சரியாக அனுப்பவில்லை. அல்லது கம்ப்ரஷன் இல்லை. நாலாவது நாசிலைக் கழற்றி இரண்டாவதில் போடுங்கள், இரண்டாவதை நாலாவதில் போடுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். மறுபடி நட்டைத் தளர்த்திப் பாருங்கள். மிஸ் இரண்டாவதுக்குப் போயிருந்தால் குற்றவாளி நாசில். நாலாவதிலேயே நின்றால் நாசில் நிரபராதி. இந்த ஒரு மாற்றத்துக்குப் புதுச் சாமான் எதுவும் வேண்டாம். செலவு இரண்டு செம்பு வாஷர் மட்டும்.

அந்தச் செம்பு வாஷரைப் பற்றி ஒரு வார்த்தை. நாசிலைக் கழற்றும்போது பழைய வாஷர் சில நேரம் ஹெட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். கரி பிடித்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அதன் மேலேயே புது வாஷரைப் போட்டு இறுக்கினால் நாசிலின் முனை உட்கார வேண்டிய உயரத்தைவிட மேலே நிற்கும். தெளிப்பு போக வேண்டிய இடத்துக்குப் போகாது. நாசில் டெஸ்டரில் வைத்துப் பார்த்தால் கொர்ர் என்று சத்தம் போட்டு அழகாகத் தெளிக்கும், முனையில் ஈரமே இருக்காது. வண்டியில் போட்டால் புகையும் மிஸ்ஸும். "பம்ப்காரன் ஏமாத்திட்டான்" என்று பழி அவர் தலையில் விழும். டார்ச் அடித்து, வளைத்த கம்பியின் முனையால் அந்தக் குழியைத் தடவிப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகுமா?

நாசில் நல்லது என்று முடிவானால், பம்ப்பைக் கழற்றும் முன் கம்ப்ரஷனைப் பாருங்கள். இதில் ஒவ்வொரு சிலிண்டரும் எத்தனை காட்டுகிறது என்பதைவிட, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் முக்கியம். ஆறும் சமமாகத் தேய்ந்த இன்ஜின் இழுவை குறைந்து ஓடும், ஆனால் மிஸ் அடிக்காது. ஒன்று மட்டும் குறைந்தால்தான் மிஸ். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை தள்ளுகிறதா, பேக் கம்ப்ரஷன் இருக்கிறதா என்று பாருங்கள். தள்ளினால் ரிங், லைனர் பக்கம் போங்கள். தள்ளவில்லை, ஆனால் கம்ப்ரஷன் குறைவு என்றால் வால்வு, இல்லையேல் ஹெட் கேஸ்கெட். ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யும்போது குமிழ் கொப்பளித்தால் கேஸ்கெட்தான். மூடியை வண்டி சூடாக இருக்கும்போது திறந்துவிடாதீர்கள்.

வால்வில் ஒரு சூட்சுமம். காலையில் மிஸ் இல்லை, தென்காசி தாண்டி வண்டி சூடானதும் மிஸ் வருகிறது, நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்தால் போய்விடுகிறது. இப்படி ஒரு ஓட்டுநர் சொன்னால் முதலில் டேப்பட்டைப் பாருங்கள். வால்வு உட்காரும் இடம் தேயத் தேய வால்வு மேலே ஏறும், டேப்பட் இடைவெளி குறையும். 697 போன்ற இன்ஜினில் குளிர்ந்த நிலையில் இன்லெட்டுக்கு 0.20, எக்ஸாஸ்டுக்கு 0.30 மில்லிமீட்டர் விடுவார்கள். அந்த இடைவெளி அற்றுப்போனால், சூட்டில் நீண்ட வால்வு முழுதாக மூடாது. டக் டக்கென்று சத்தம் போடுகிற டேப்பட்டை எல்லோரும் திட்டுவார்கள். சத்தமே இல்லாத டேப்பட்தான் ஆபத்தானது. அமைதியாக ஓடுகிறது என்று பெருமைப்பட்டுக் கொண்டிருப்போம், உள்ளே வால்வு கருகிக் கொண்டிருக்கும்.

புகையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். எரியாத டீசல் வெள்ளையாக வரும், கண் எரியும். ஆயில் நீலமாக வரும். காற்று போதாமல் டீசல் அதிகமானால் கறுப்பு. மிஸ் அடிக்கும் வண்டியில் வெள்ளைதான் நமக்கு வேண்டிய நிறம்.

இனி இரண்டாவது வகைக்கு வருகிறேன். தாளம் இல்லாத மிஸ். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

இந்தப் பக்கத்து வண்டி ஒன்று. பழைய ஆறு சிலிண்டர். பாவூர்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக் கொல்லத்துக்குப் போகும், திரும்பும்போது பெரும்பாலும் காலி. "ஏத்தத்துல மிஸ் அடிக்கி அண்ணாச்சி" என்பது ஓட்டுநரின் புகார். முதலாளி செலவுக்குப் பயந்தவர் இல்லை. ஆறு நாசிலும் செட்டிங் ஆயிற்று. பம்ப்பைக் கழற்றிக் காலிபரேஷன் ஆயிற்று. டீசல் ஃபில்டர் இரண்டும் புதிது. டேப்பட் வைத்தாயிற்று. ஹெட்டை இறக்கிக் கேஸ்கெட்டும் மாற்றியாயிற்று. ஒவ்வொரு வேலை முடிந்ததும் வண்டி சில நாள் நன்றாக ஓடும், பிறகு மறுபடியும் மிஸ். கடைசியில் ஹாஃப் இன்ஜின் வேலை செய்துவிடலாம் என்று பேச்சு வந்தது. ஓட்டுநரையும் சந்தேகப்பட்டார்கள். "இவன் கிளட்ச்ச மிதிச்சே ஓட்டுதான்" என்று ஒரு குற்றச்சாட்டு வேறு.

அந்த வண்டியைக் கடைசியில் கையில் எடுத்த மெக்கானிக், பேனட்டைத் திறக்காமல் ஓட்டுநரை உட்கார வைத்துப் பேசினார். எந்த ஏற்றம்? போகும்போதா, வரும்போதா? ஓட்டுநர் யோசித்துச் சொன்னார்: "போகும்போது அடிக்கல அண்ணாச்சி. லோடோட எஸ் வளைவு ஏறும்போது சும்மா பிச்சுக்கிட்டுப் போவுது. வரும்போது, புனலூர் தாண்டி, தென்மலைக்கும் ஆரியங்காவுக்கும் நடுவுல, அந்தப் பதிமூணு கண் பாலம் வருதுல்லா, அங்கன அடிக்கி."

இந்த இடத்தை நின்று கவனிக்க வேண்டும். பாரம் ஏற்றிய வண்டி செங்குத்தான ஏற்றத்தில் ஒழுங்காகப் போகிறது. காலி வண்டி அதைவிடச் சாய்வு குறைந்த ஏற்றத்தில் மிஸ் அடிக்கிறது. கம்ப்ரஷன் குறைவாக இருந்தால் பாரத்தோடு ஏறும்போதல்லவா முதலில் காட்ட வேண்டும்? நாசில் என்றாலும் அப்படித்தான், பம்ப் என்றாலும் அப்படித்தான். அந்த ஒரு பதிலில் அதுவரை செலவழித்துச் செய்த எல்லா வேலையும் தேவையில்லாதது என்று ஆகிவிட்டது. கேட்டிருந்தால் முதல் நாளே அவர் இதைச் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை. "ஏத்தத்துல மிஸ்" என்ற இரண்டு வார்த்தையை முதலாளி போனில் சொன்னார், பட்டறையில் அதை வைத்தே வேலை பார்த்தார்கள்.

போகும்போதுக்கும் வரும்போதுக்கும் என்ன வித்தியாசம்? பாரம் குறைகிறது. நேரம் மாறுகிறது. இன்ஜின் சூடு ஏறக்குறைய ஒன்றுதான். இன்னொன்றும் குறைகிறது: டேங்கில் டீசல். முதலாளி டேங்கை நிரப்புகிறவர் இல்லை, ட்ரிப்புக்கு அளந்து ஊற்றுகிறவர். பட்டறைக்கு அனுப்பும்போது மட்டும், டெஸ்ட் பார்க்க வேண்டும் என்று, தாராளமாக ஊற்றி அனுப்புவார். அதனால்தான் ஒவ்வொரு வேலை முடிந்ததும் சில நாள் வண்டி நன்றாக இருந்தது! கேஸ்கெட்டுக்கும் காலிபரேஷனுக்கும் கிடைத்த பாராட்டெல்லாம் டீசலுக்குப் போயிருக்க வேண்டியது.

சந்தேகம் டேங்க் பக்கம் திரும்பியது. அடுத்தது அதை நிரூபிப்பது. முதலில் நட்டைத் தளர்த்தும் சோதனை: ஆறு சிலிண்டரும் உயிரோடு இருந்தன. பிறகு ஃபீட் பம்ப்புக்கு வரும் டீசல் ஹோஸில் ஒரு முழம், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ட்யூபாக மாற்றினார். டேங்கில் பாதிக்குக் கீழே டீசல் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, முன் சக்கரத்தை ரேம்ப்பில் ஏற்றி நிறுத்தி, ரேஸ் கொடுத்தார். முதலில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ட்யூபில் கடுகளவு குமிழ்கள் வந்தன. பிறகு நகம் அளவுக்கு ஒன்று. அது போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் இன்ஜின் தடுமாறியது. அடுத்து டேங்கின் பைப்பை விலக்கிவிட்டு, ஒரு கேனில் டீசல் வைத்து அதிலிருந்து நேராக ஃபீட் பம்ப்புக்கு ஹோஸ் கொடுத்தார். குமிழும் இல்லை, மிஸ்ஸும் இல்லை. அதற்கப்புறம்தான் டேங்கின் மேல் நாலு போல்ட்டைக் கழற்றி, உள்ளே தொங்கும் உறிஞ்சு குழாயை வெளியே எடுத்தார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. துடைத்து, ஒரு முனையைக் கட்டை விரலால் அடைத்து, டீசல் வாளியில் முக்கி, மறுமுனையில் ஒரு ட்யூபைச் செருகி ஊதினார். குழாயின் நடுவில், துரு ஏறிய ஒரு இடத்திலிருந்து குமிழ் வரிசையாக வந்தது. ஊசி முனைத் துளை.

ஏன் இவ்வளவு நாள் யார் கண்ணிலும் படவில்லை? டீசல் ஒழுகவில்லையே! ஃபீட் பம்ப்புக்கு முன்னால் இருக்கும் பகுதி உறிஞ்சும் பகுதி. அங்கே துளை விழுந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஈரத்தைத் தேடிப் பழகிய கண்ணுக்கு அது தெரியாது. துளை டீசலில் மூழ்கியிருக்கும்வரை காற்றும் போகாது. டேங்க் பாதிக்குக் கீழே இறங்கி, ஏற்றத்தில் வண்டி மூக்கைத் தூக்கும்போது டீசல் பின்னால் போகும். குழாயோ டேங்கின் முன்பக்கத்தில் இருந்தது. துளை வெளியே தெரியும், காற்று உள்ளே போகும். காலி வண்டி மட்டும் மிஸ் அடித்ததன் முழுக் கதையும் இவ்வளவுதான்.

குழாயைப் பற்ற வைத்துச் சரிசெய்தார்கள். குழாயை மட்டும் தனியாக வெளியே எடுத்துக்கொண்டு போய்ப் பற்ற வைத்தார்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். டேங்கை வண்டியில் வைத்துக்கொண்டோ, காலி டேங்க்தானே என்று நினைத்தோ அதன் மேல் வெல்டிங் வைக்காதீர்கள். காலி டேங்கின் ஆவிதான் வெடிக்கும்.

உறிஞ்சும் பகுதியில் காற்று போக இன்னும் இடங்கள் உண்டு: வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், பாஞ்சோ போல்ட்டின் செம்பு வாஷர், கைப் பம்ப்பின் தேய்ந்த சீல். எல்லாவற்றுக்கும் அந்தப் பிளாஸ்டிக் ட்யூபே போதும். ஒவ்வொரு பகுதியாக மாற்றி வைத்துக்கொண்டே வந்தால், எங்கே குமிழ் தொடங்குகிறதோ அதற்கு முன்னால்தான் ஓட்டை. குற்றாலத்தில் சாரல் விழும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இன்னொரு சந்தேகமும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதி டேங்கோடு ராத்திரி நிற்கும் வண்டியில், காற்றிலிருக்கும் ஈரம் டேங்கின் உட்பக்கத்தில் படிந்து தண்ணீராக இறங்கும். தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில் சேரும். காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன் அடியிலிருக்கும் டிரெயின் பிளக்கைத் தளர்த்திக் கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடித்துப் பார்த்தால் கோடு பிரிந்து நிற்பது தெரியும்.

கம்ப்யூட்டர் வண்டியில் இந்தத் தொல்லை இல்லையே என்று பிள்ளைகள் நினைக்கலாம். அமெரிக்காவில் 1996லிருந்தே கார்களிலும் சிறிய சரக்கு வண்டிகளிலும் கோளாறை எண்ணாகச் சொல்லும் ஏற்பாடு கட்டாயம். பி0304 என்று வந்தால் நாலாவது சிலிண்டரில் மிஸ். பி0300 என்றால் மாறி மாறி வரும் மிஸ். கவனியுங்கள், அந்தக் கம்ப்யூட்டரும் முதலில் பிரிப்பது இந்த இரண்டு வகையாகத்தான். எந்தச் சிலிண்டர் என்று சொல்லும், ஏன் என்று அதற்குத் தெரியாது. அதற்கப்புறம் மேலே சொன்ன வேலையைத்தான் அங்கேயும் பார்க்கிறார்கள். கம்ப்யூட்டரே இல்லாத காலத்தையும் பாருங்கள். நம் பக்கத்தில் திருக்குறுங்குடியில் பிறந்த, டிவிஎஸ் நிறுவனர் டி.வி. சுந்தரம் ஐயங்கார், இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது கரியிலிருந்து எடுத்த வாயுவில் பேருந்துகளை ஓட்ட வழி செய்தார். தார் பிடிக்கும் அந்த வாயுவில் இன்ஜினைத் தடுமாறாமல் ஓட்டியவர்களுக்குக் காதைத் தவிர வேறு கருவி ஏது?

கடைசியாகப் பணத்தைப் பற்றிப் பேச வேண்டும். பேசாமல் போனால் இதுவரை பேசியது பிரயோஜனப்படாது. அந்த வண்டியில் நாசில் செட்டிங்குக்குப் பில் உண்டு. காலிபரேஷனுக்குப் பில் உண்டு. கேஸ்கெட்டுக்குச் சாமான் விலை, கை கூலி இரண்டும் உண்டு. அவற்றால் வண்டி சரியாகவில்லை, ஆனாலும் முதலாளி மறுக்காமல் கொடுத்தார், ஏனென்றால் கழற்றிய பழைய சாமான் கண்ணெதிரே கிடந்தது. கோளாறைக் கண்டுபிடித்தவர் கொடுத்த பில்லில் என்ன இருந்தது? ஒரு முழம் ட்யூப், பற்ற வைத்த கூலி. அவ்வளவுதான். அரை நாள் ஓட்டுநரோடு உட்கார்ந்து பேசியதற்கும், ரேம்ப்பில் வைத்துப் பார்த்ததற்கும் என்ன கேட்பது என்று அவருக்கும் தெரியவில்லை, என்ன கொடுப்பது என்று முதலாளிக்கும் தெரியவில்லை.

டாக்டர் மருந்தே எழுதாமல் "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பினாலும் பார்த்ததற்கு ஃபீஸ் கொடுத்துவிட்டுத்தான் வருகிறோம். மெக்கானிக்குக் கொடுப்பதில்லை. சாமான் மாற்றினால்தான் கூலி என்று நாமே வைத்திருக்கும்போது அவர் சாமானை மாற்றாமல் என்ன செய்வார்? அவருக்கும் வீடு இருக்கிறது. எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி காட்ட வேண்டும். அதற்காகப் பெயிண்ட்டுக்கும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கருக்கும் முகம் சுளிக்காமல் செலவு செய்கிற முதலாளிமார்கள், தேடும் நேரத்துக்கும் கூலி கொடுக்கத் தயாராக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும் ஒன்று. பில் புத்தகத்தில் முதல் வரியாகப் "பார்த்த கூலி" என்று அச்சடித்துக்கொள்ளுங்கள். வண்டி உள்ளே வரும்போதே தொகையைச் சொல்லிவிடுங்கள். அதற்குப் பதிலாக முதலாளிக்கு எழுத்தில் கொடுங்கள்: எந்தச் சிலிண்டர், எந்தச் சோதனை, எதைக் கழித்தோம், எது மிச்சம். அந்தத் தாளோடு அவர் வேறு பட்டறைக்குப் போனாலும் போகட்டும். அடுத்தவர் நாசிலை மறுபடியும் கழற்ற மாட்டார். அதே தாளில் ஓட்டுநர் சொன்னதற்கென்று நாலு வரி இடம் விடுங்கள்: எங்கே, எந்தப் பக்கம் போகும்போது, எவ்வளவு லோடு, டேங்கில் எவ்வளவு டீசல்.

நேரம் ஆகிவிட்டது, நாலு பேர் லோடுக்குப் போக வேண்டும் என்று சைகை காட்டுகிறார்கள். கேள்வி இருந்தால் கேட்கலாம். முதலாளிமார்கள் கொஞ்சம் பொறுங்கள், ஓட்டுநர் தம்பிகள் முதலில் கேட்கட்டும்.